பித்தப்பை நுனியில் ஒரு மடிப்பு

அலுவலகத்தில் ஆண்டுதோறும் செய்யும் உடல் பரிசோதனையில் இந்த முறை வயிற்று ஸ்கேனும் சேர்த்திருந்தார்கள். ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சரி. பித்தப்பைக்கு மட்டும் இரண்டு வரி அதிகம்: நுனியில் தடுப்பு போலவோ சிறு கட்டி போலவோ ஒன்று தெரிகிறது, மேற்கொண்டு பார்ப்பது நல்லது. பக்கத்தில் டாக்டர் இல்லாமல் இந்த மாதிரி அறிக்கையை மின்னஞ்சலில் படிப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கட்டி என்பது கண்ணில் பட்டபிறகு 'போலவோ' எங்கே மனதில் நிற்கிறது?

அம்மா தன் பங்குக்கு, "உங்க பெரியப்பாவுக்கும் பித்தப்பையிலதான் கல்லு. கடைசியில பையையே எடுத்துட்டாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் தனியார் நிபுணரிடம் நேராகப் போனால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பலதுறை மருந்தகத்தின் (அரசாங்கப் பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால்தான் மானியக் கட்டணம். அதனால் யீஷூனில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்தகத்திலிருந்தே தொடங்கினேன். அங்கிருந்த டாக்டர் வலது விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலிக்கிறதா, காய்ச்சல் வந்ததா, கண் மஞ்சளாகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. அவசரம் இல்லை என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார். அவசரம் இல்லை என்றால் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும் என்றும் அர்த்தம். தேதி வரும்வரை ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியைத் திறந்து திறந்து பார்த்ததுதான் மிச்சம்.

ஸ்கேனுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் வயிறு; வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் பைதான் பித்தப்பை. சுமார் ஐம்பது மில்லிலிட்டர் பிடிக்கும். கொழுப்பு குடலுக்குள் இறங்கினால் ஒரு ஹார்மோன் சுரந்து, பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளிவிடும். சுருங்கிய பையில் சுவர் தடித்துத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்றும் சரியாகப் புரியாது. தே தாரிக் ஒரு மடக்கு குடித்தாலும் அதில் பால் இருக்கிறதே! காலை நேரம் கேட்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று.

உடல் பரிசோதனையில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். இங்கே ஸ்கேன் எடுத்த பெண் விடுவதாக இல்லை. முதலில் மல்லாக்க, அப்புறம் இடது பக்கம் ஒருக்களித்து, அப்புறம் எழுந்து உட்காரச் சொல்லி. ஜில்லென்ற ஜெல் தடவிய கருவியை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, நடுநடுவே "மூச்சு இழு, பிடி" என்று தமிழிலேயே சொன்னார். சீனப் பெண். நோயாளிகளிடம் கற்றுக்கொண்டிருப்பார்.

எதற்கு இப்படிப் புரட்டினார் என்பதைப் பிறகு பார்த்த நிபுணர்தான் விளக்கினார். ஸ்கேனில் பித்தநீர் கறுப்பாகத் தெரியும். கல் இருந்தால் வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பு நிழல் விழும், ஆளைத் திருப்பினால் பெரும்பாலும் அதுவும் உருளும். பாலிப் என்கிற சதை வளர்ச்சி சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; நிழல் விழாது. எனக்கு இருந்தது பித்தப்பை நுனியில் ஒரு மடிப்பு; அது இரண்டிலும் சேராது. ஒரு கோணத்தில் பையின் குறுக்கே தடுப்புச் சுவர் மாதிரி தெரியும். கருவியைக் கொஞ்சம் சாய்த்தால் இரண்டு பக்கத்துக் கறுப்பும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பது தெரிந்துவிடும். மடிப்பின் ஓரத்தில் ஒலி அலை விலகிப்போவதாலும் ஒரு நிழல் விழும். அதைப் பார்த்துக் கல் என்று நினைப்பதும் உண்டாம். மடிந்த நுனியைப் பக்கத்தில் இருக்கும் கல்லீரலில் ஏதோ கட்டி என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. அல்ட்ராசவுண்டில் தீராத சந்தேகத்துக்குத்தான் எம்ஆர்ஐ. எனக்கு அது தேவைப்படவில்லை.

"ஃபிரிஜியன் கேப்" என்றார் அவர். இன்றைய துருக்கியில் பழங்காலத்தில் ஃபிரிஜியா என்று ஒரு நாடு. அந்த மக்கள் அணிந்த, நுனி முன்பக்கம் மடிந்து விழும் குல்லாயை வைத்து வந்த பெயர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சிவப்புச் சின்னம் அதே குல்லாய்தான். அதையா நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டதும் டாக்டரே சிரித்துவிட்டார். புதிய கண்டுபிடிப்பும் இல்லை. எட்வர்ட் பாய்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1935-லேயே, எக்ஸ்ரேயில் பித்தப்பையைப் பார்த்த காலத்தில், இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நூறு பேரில் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை இருக்கலாம் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள்.

நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். புற்றுநோயாக மாறுமா? இதனால் அந்த ஆபத்து கூடுவதில்லை. கல் வருமா? மற்றவர்களுக்கு எப்படி வரலாமோ அப்படித்தான், மடிப்பு காரணம் இல்லை. எடுத்துவிடலாமா? எதற்கு? பித்தப்பையே இல்லாமல் பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுமார் நாலாயிரத்தில் ஒருவருக்கு இரண்டு பித்தப்பை இருக்கும். அதுபோல இதுவும் பிறவியில் வரும் ஒரு வித்தியாசம்தான். அடுத்த ஸ்கேன் எப்போது? வேண்டியதில்லை. இந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒரு தேதி கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ.

வெளியே வருவதற்குள் ஒரு காரியம் செய்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். முடிவை எழுத்தில் கேட்டு வாங்கினேன். செயலியில் வருவது சுருக்கம். எனக்கு வேண்டியது, இது பிறவியிலேயே உள்ள மடிப்பு, நோய் இல்லை, தொடர் பரிசோதனை தேவையில்லை என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு பக்கம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, தயாராகச் சில நாள் ஆகும். ஆனால் அடுத்த வருடம் வேறு யாராவது ஸ்கேன் எடுத்து அதே இரண்டு வரியை எழுதினால், காட்ட ஒன்று வேண்டும் இல்லையா?

அதற்கு முன்னாலேயே தேவைப்பட்டது. காப்புறுதித் திட்டத்தை மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். விண்ணப்பத்தில் ஸ்கேனில் இயல்புக்கு மாறாக ஏதாவது வந்ததா என்று ஒரு கேள்வி. முகவர் தம்பி, "அக்கா, இருக்குன்னு போட்டு அந்த லெட்டரையும் சேர்த்திடுங்க. மறைச்சா பின்னாடி கிளெய்ம்ல பிரச்சினை" என்றார். அப்படியே செய்தேன். முதல் அறிக்கையையும் கேட்டார்கள், அதையும் அனுப்பியாயிற்று. பதில் வரவேண்டும்.