ஆடி மாதக் குறிப்புகள்: கிளட்சும் ஃப்ளைவீலும்

ஜூலை 22

திம்பம் மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் மறுபடியும் கிளட்ச் கருகும் அந்த வாடை வந்ததாக, எங்கள் லாரியை ஓட்டும் மாமா சொன்னார்.

ஜூலை 23

வண்டி விடியற்காலையில் சங்ககிரிக்கு வந்து சேர்ந்தது. 200 மூட்டை சிமெண்ட்டை ஏற்றிக்கொண்டு திம்பம் ஏறும்போது எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி ஏறுவதில்லை என்று மாமா இரண்டு மாதமாகவே சொல்லிவந்தார். கேபிளைச் சரிசெய்தால் போதும் என்று நான்தான் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது இறக்கத்தில் மக்காச்சோளத்தோடு வந்ததால் தப்பித்தது. ஏற்றத்தில் நின்றிருந்தால் பின்னால் இருபது வண்டிகள் நின்றிருக்கும்.

ஜூலை 24

கியர் பாக்ஸை இறக்கிவிட்டார்கள். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உட்புறத்தில் எங்கள் அய்யன் வெள்ளை பெயிண்ட்டால் எழுதிய தேதி இன்னும் அழியாமல் இருக்கிறது: 12.3.2011. எஞ்சின் பக்கத்து ஆயில் சீல் கசிந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் ஒரு பக்கம் முழுவதும் கறுத்து, ரிவெட் தலைகள் வெளியே தெரிகின்றன. கசிவு முதலா, தேய்மானம் முதலா என்று நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எது முதலானாலும் சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டை வைப்பது வீண் செலவு என்பதில் பட்டறை அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஜூலை 25

இன்று முழுவதும், எஞ்சினோடு சுழலும் கனத்த இரும்பு வட்டான ஃப்ளைவீலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேட் பிடிக்கும் முகத்தில் ஐந்து இடங்களில், காசு அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை, நீலமும் கருநீலமுமாகத் திட்டுகள் படிந்திருக்கின்றன. அவற்றின் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி முடி போன்ற விரிசல்கள் ஓடுகின்றன. துணியால் துடைத்துவிட்டு நகத்தை வைத்து இழுத்தேன்; மூன்று இடங்களில் நகம் மாட்டியது. நகம் மாட்டாத விரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம், மாட்டினால் யோசிக்க வேண்டும் என்று அய்யன் சொல்வார். நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூலை 26

மாமாவின் இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. அவராகச் சொல்லவில்லை, அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

ஜூலை 27

ஃப்ளைவீலை ஈரோட்டுக்கு எடுத்துச் சென்றேன். முகத்தை லேத்தில் வெட்டிச் சமப்படுத்தும் ஃபேசிங் அடித்தால் போதும் என்ற நம்பிக்கையோடுதான் போனேன். லேத்காரர் விளிம்பின் உயரத்தையும் முகத்தின் ஆழத்தையும் அளந்து பார்த்துவிட்டு, "முன்னாடி ஒருத்தர் முகத்தை மட்டும் வெட்டியிருக்காருங்க, பிரஷர் பிளேட் உக்கார்ற விளிம்பைத் தொடவே இல்லீங்களே" என்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் செய்த வேலை அது. கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங்கால் ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டுதான் பிரஷர் பிளேட். முகத்தை வெட்டிய அளவுக்கு விளிம்பையும் வெட்டினால்தான் ஸ்பிரிங்கின் அழுத்தம் பழையபடி பிளேட்டின் மேல் விழும். முகம் மட்டும் பள்ளமானால், பிரஷர் பிளேட் அதிக தூரம் எட்டிப் பிடிக்க நேரிட்டு, பிடி தளர்ந்துவிடும். அப்படியானால் இத்தனை ஆண்டுகளும் அந்த வண்டி முழுப் பிடி இல்லாமலேதான் திம்பம் ஏறியிருக்கிறது. மாமா கிளட்சில் காலை அழுத்தியே ஓட்டுகிறார் என்று நான் அவரைக் குறை சொன்ன நாட்கள் நினைவுக்கு வந்தன.

நீலத் திட்டுகளைப் பற்றியும் அவர் விளக்கினார். சூடேறிச் சட்டென்று ஆறிய இடத்தில் வார்ப்பிரும்பு கடினமாகிவிடுகிறது. லேத் உளி மற்ற இடங்களை வெட்டிக்கொண்டு வந்து அங்கே மட்டும் துள்ளிவிடும். அரைத்துச் சமப்படுத்தினாலும் அந்தக் கடினம் உள்ளே இறங்கியிருப்பதால் திட்டு மறுபடியும் தலைகாட்டும். கூலி கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர் அவர். அதனாலேயே அவர் சொல்லை நம்புகிறேன்.

ஜூலை 28

புது ஃப்ளைவீல்தான். அது முடிவாகிவிட்டது. பிளேட்தான் இன்னும் முடிவாகவில்லை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பங்காளி, செராமிக் பட்டன் பிளேட்டைத் தவிர வேறெதையும் வாங்காதே என்று போனில் உறுதியாகச் சொன்னார். வெப்பத்தைத் தாங்குவதில் அதற்கு இணையில்லை என்பது உண்மை. ஆனால் அது பிடிக்கும்போது வெடுக்கென்று பிடிக்கும். பாதிப் பிடியில் வைத்து ஊர்ந்து போவதற்கு அது இடம் தராது, வண்டி உதறும், ஃப்ளைவீல் முகத்தையும் விரைவில் தின்றுவிடும். ஒருமுறை கியர் போட்டுவிட்டால் நூறு கிலோமீட்டர் நிற்காமல் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். எங்கள் வண்டியின் பாடு அப்படியில்லை.

2022இலிருந்து திம்பத்தில் சரக்கு வண்டிகள் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை போகக்கூடாது, 16.2 டன்னுக்கு மேற்பட்டவை எந்நேரமும் போகக்கூடாது. எங்கள் ஆர்.சி.யில் இருப்பது சரியாக 16.2 டன் என்பதால்தான் 2004 மாடல் வண்டிக்கு இன்றும் அந்த மலையில் வேலை இருக்கிறது. யானைகளும் சிறுத்தைகளும் இரவில் நிம்மதியாகச் சாலையைக் கடக்கட்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் இரவெல்லாம் மலையடிவாரத்துப் பண்ணாரியில் காத்துக் கிடந்த வண்டிகள் ஆறு மணிக்கு ஒன்றாக ஏறத் தொடங்கும்போது 27 வளைவுகளிலும் நின்று நின்று, முதல் கியரில் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை நின்று எடுக்கும்போதும் பிளேட் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கிறது. அந்த வழுக்கலே வெப்பம், அந்த வெப்பமே நீலத் திட்டு, மாமா சொன்ன வாடையும் அதுதான். வெப்பத்தைப் பார்த்தால் செராமிக் வேண்டும். ஊர்வதைப் பார்த்தால் சாதாரண ஆர்கானிக் பிளேட் வேண்டும். இரண்டும் ஒரே மலையில்தான் வேண்டியிருக்கின்றன.

ஜூலை 30

தூக்கம் வரவில்லை. பழைய பிளேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து நடுவிலுள்ள பற்களை எண்ணினேன்: பத்து. விட்டம் 352 மில்லிமீட்டர்.

ஜூலை 31

முழங்காலைப் பற்றி நான் தவறாக யோசித்துக்கொண்டிருந்தேன். பெடலின் கனத்துக்குப் பிளேட்டு காரணமில்லை, பிரஷர் பிளேட்டே காரணம் என்று பட்டறை அண்ணன் பொறுமையாக விளக்கினார். எங்களுடையது வட்டமாகச் சுருள் ஸ்பிரிங்குகளை வைத்த பழைய வகை. அதில் பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு, அழுத்தம் குறைந்துகொண்டே வரும். டயாஃப்ரம் வகையில் ஒரே தட்டு ஸ்பிரிங்தான். பிளேட் பாதி தேய்ந்தாலும் பிடி அவ்வளவாகக் குறையாது, பெடலும் மிதிக்க இலேசாக இருக்கும். அப்படி மாற்றினால், பெடலை மிதிக்கும்போது ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கையும் அதற்கேற்ற வகையில் மாற்ற வேண்டும், போல்ட் துளைகள் புது ஃப்ளைவீலோடு பொருந்துகின்றனவா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே, ஆர்கானிக் பிளேட், டயாஃப்ரம் பிரஷர் பிளேட், புது ஃப்ளைவீல். முழு அழுத்தம் கிடைத்தால் வழுக்கல் குறையும், வழுக்கல் குறைந்தால் வெப்பமும் குறையும். வெப்பத்தைத் தாங்கும் பொருளைத் தேடுவதைவிட வெப்பம் பிறக்கும் இடத்தை அடைப்பதே சரி என்று படுகிறது. மாமாவிடம் சொன்னேன். "ஊர்ந்து போறதுக்குத் தோதா இருந்தாச் சரிங்க மாப்ள" என்றார். காலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகஸ்ட் 1

ஆடியில் புதுப்பொருள் வாங்கக்கூடாது என்கிறார் அம்மா. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணை நிற்பதில்லை. கடைசியில் ஆடிப் பதினெட்டில் வாங்கிக்கொள் என்று இறங்கி வந்தார்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. எல்லோரும் பவானிக் கூடுதுறைக்குப் போக, நான் தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு நாமக்கல்லுக்குப் போனேன். முன்பொரு முறை கம்பெனிப் பெட்டியில் போலி பிளேட்டை வைத்து விற்றுவிட்டார்கள். ஆறு மாதத்தில் டேம்பர் ஸ்பிரிங் கழன்று பெல் ஹவுசிங்குக்குள் உருண்டது. இந்த முறை பெட்டியிலுள்ள எண்ணையும் பொருளின் மேல் அடித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய பிளேட்டைப் புதியதன் மேல் வைத்து, பல்லுக்குப் பல் சரிபார்த்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ரிங் கியர் என்ற பல் வளையம் மாட்டிய ஃப்ளைவீலாகவே கிடைத்தது; தனியாக வாங்கினால் வளையத்தைச் சூடாக்கி ஏற்ற வேண்டியிருந்திருக்கும். பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாமே புதியவை. போல்ட்டுகளுக்கா இவ்வளவு பணம் என்று ஒரு கணம் தோன்றியது, வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 5

பூட்டும் நாள். சீல் மாற்றிய பிறகு ஃப்ளைவீலைத் தூக்கி வைத்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக டார்க் ரெஞ்சில் இறுக்கினார்கள். முகத்தில் டயல் கேஜை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றியபோது முள் அசைந்ததா இல்லையா என்று இருவரும் குனிந்து பார்த்தோம். அசைந்தது, ஒரு முடி அளவு. சுற்றி முடித்து, முகத்தில் எஞ்சியிருந்த எண்ணெயைத் தின்னரால் மும்முறை துடைத்தார்கள். பழைய கியர் பாக்ஸின் டாப் ஷாஃப்ட் ஒன்றை உள்ளே விட்டு நடுவத்தைப் பிடித்துக்கொண்டு பிரஷர் பிளேட்டை இறுக்கினார்கள். பெல் ஹவுசிங்கை மூடுவதற்கு முன் என்னிடம் பெயிண்ட் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். அய்யனின் தேதிக்குக் கீழே இன்றைய தேதியை எழுதினேன்.

ஆகஸ்ட் 6

பெடலில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாக ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம். மாமா மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார். என்னைப் பார்க்காமலே தலையசைத்தார்.

ஆகஸ்ட் 9

மலைக்கு இப்போது அனுப்பக்கூடாது. புது முகமும் புதுப் பிளேட்டும் ஒன்றோடொன்று பழகும்வரை கரூர்ப் பக்கம் சமதளத்தில்தான் ஓட்டம். மலை லோடு இரண்டு கைவிட்டுப் போய்விட்டன; வருத்தம்தான், ஆனாலும் இதில் அவசரப்பட மாட்டேன்.

ஆகஸ்ட் 14

நேற்றோடு 900 கிலோமீட்டர். ஃப்ரீ பிளேயை மறுபடியும் அளந்தேன், மாறவில்லை. 200 மூட்டை ஏற்றியாகிவிட்டது. மாமா இரவு பத்து மணிக்கே பண்ணாரிக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 15

காலை 5.40: முன்னால் முப்பது வண்டிகளாவது நிற்பதாகச் சொன்னார்.

6.50: நான்காவது வளைவில் வரிசை நின்றுவிட்டதாம். வாடை வருகிறதா என்று கேட்டேன், அதற்குள் சிக்னல் போய்விட்டது.