பட்டியலில் ஒரு எண்

எங்கள் மொபைல் கம்பெனிக்குப் போலீஸிடமிருந்து வந்த அந்தக் கடிதத்தில் குறை எதுவும் இல்லை. திருட்டு வழக்கு, குற்ற எண், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, எஸ்.பி. அலுவலக மெயில். கேட்டிருந்தது டவர் டம்ப்: மாலை 4 மணி முதல் 7 வரை அந்த டவரின் கீழ் இருந்த எல்லா எண்களும். அதே மாலை அதே தெருவில் ஒரு போராட்டம் நடந்திருந்தது.

எஸ்.ஐ.க்கு போன் போட்டேன்.

"சார், திருட்டு கேஸுக்கு மூணு மணி நேரம் வேணுமா?"

"செக்‌ஷன் இருக்கா தம்பி? மெயில் ஐடி சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"ஒரு மணி நேரத்துல அனுப்பிடுறேன் சார்" என்றேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. திருடன் வந்த நேரம் தெரியாமல் இருந்திருக்கலாம். மூன்று மணி நேரம் நியாயமாகவே இருக்கலாம். இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன்.

பேச்சை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும். 1996-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுஆய்வுக் குழுவும் வைத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். மறுநாளும் எங்களுக்கு அதே மாதிரிக் கடிதங்கள்தான் வந்தன. யார் எங்கே நின்றார் என்று அறிய எந்த நீதிபதியின் கையெழுத்தையும் நாங்கள் கேட்டதில்லை.

கோப்பில் 11,000 எண்களுக்கு மேல். அனுப்புவதற்கு முன் என் தம்பியின் எண்ணைத் தேடினேன். இருந்தது. அந்த வரியை அழிக்கவில்லை, அழித்திருந்தால் குற்றம். ஆனால் தேடியது மட்டும் சரியா? அப்படிப் பார்க்க எனக்கு எந்தப் பிரிவும் அதிகாரம் கொடுக்கவில்லை. பயத்தில் பார்த்தேன் என்கிறேன். பார்க்க முடிந்ததால் பார்த்தேன் என்பதும் உண்மை.

2011-இல் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செய்தியைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மனுதாரர் மேல் வழக்கு இருந்தது. அதனால் தன் போன் கேட்கப்பட்டது அவருக்குத் தெரியவந்தது. இந்த 11,000 பேருக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எந்தக் கடிதத்திலும் நான் பார்த்ததில்லை.

ஒருவனுக்கு மட்டும் நான் சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வேலை எப்படிண்ணா போகுது?" என்று கேட்டான்.

"ரிப்போர்ட் எடுக்கிறதுதான்டா, வேற என்ன" என்றேன்.