ஏழு மணிக் கூட்டம்

நான் குடியை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதை அறிந்த சிலர், குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் கூட்டங்களில் எதற்குப் போகலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே எங்கோ ஒருமுறை போய்விட்டு, இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று திரும்பியவர்கள். நானும் அப்படித் திரும்பியவன். அந்த ஒரு முடிவினால் மேலும் ஏழு மாதங்களைக் குடிக்குக் கொடுத்தவன். அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நான் சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டங்களைப் பற்றி. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்கு வணிகரும் ஒரு மருத்துவரும், குடிநோயாளியின் பேச்சு இன்னொரு குடிநோயாளிக்கு மட்டுமே எட்டுகிறது என்று கண்டுகொண்டதிலிருந்து தொடங்கியது அந்த இயக்கம். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணம் இல்லை. எல்லாக் குழுக்களும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை உடையது என்பது அவர்களுடைய மரபுகளிலேயே இருக்கிறது. ஆகையால் மொழி, நேரம், பேசும் முறை, வருகிற மனிதர்கள் எல்லாமே குழுவுக்குக் குழு மாறும்.

நான் முதலில் போனது ஆங்கிலக் கூட்டம். அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவன் என்பதால் அதுவே பொருத்தம் என்று நினைத்தேன். என் முறை வந்தபோது தடையில்லாமல் பேசவும் செய்தேன். ஆனால் அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் குடித்ததை ஆங்கிலத்தில் சொன்னபோது, அது வேறு யார் வீட்டிலோ நடந்ததுபோல இருந்தது. பொய் சொன்னதும் கெஞ்சியதும் சத்தியம் செய்ததும் தமிழில்தான். அந்த மொழியில் சொன்னால்தான் குரல் உடையும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கூட்டத் தொடக்கத்தில் சொன்ன பிரார்த்தனையும் என்னை விலக்கியது. சுயமரியாதைக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். திரும்பிப் போகாமல் இருக்க அதையே காரணமாக வைத்துக்கொண்டேன். பின்னாளில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, இங்க யாரும் உங்களைச் சாமி கும்பிடச் சொல்லலை. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம வீட்டுக்குப் போங்கன்னுதான் சொல்றோம்" என்றார். ஏ.ஏ. வழிகாட்டியாகக் கொள்ளும் பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றி வரும் இடத்தில் 'நாங்கள் புரிந்துகொண்டபடி' என்ற சொற்கள் சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய ஆற்றலாக எடுத்துக்கொண்டு பல்லாண்டுகள் குடியாமல் இருக்கும் நாத்திகர்களை நான் அறிவேன். சான்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தது. முறையாக வகுக்கப்பட்ட திட்டங்கள் வழியாக ஏ.ஏ.வில் ஈடுபடுத்தப்பட்டவர்கள், வேறு சிகிச்சைகள் பெற்றவர்களைக் காட்டிலும் தொடர்ந்து குடியாமல் இருப்பதில் முன்னே நின்றார்கள்.

ஏழு மாதங்களுக்குப் பின் நானாகவே குடியை ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் இரவு, வெறும் சுவரில் எறும்புகள் சாரி சாரியாக ஊர்வதைக் கண்டு துடைத்துக்கொண்டே இருந்தேன். மனைவி ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தாள். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். அத்தகையவருக்கு முதலில் மருத்துவர், அதன்பின் கூட்டம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எனக்குப் பொருந்திய கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணி. டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. என் கால்கள் தாமாகவே கடைக்கு நடந்த நேரம் ஏழுதான். காலைக் கூட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்த ஏழு மணியை என்னால் கடந்திருக்க முடியாது. முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தவர் மற்றவர்களுக்கு டம்ளர் நிறைய ஊற்றினார். எனக்கு மட்டும் பாதி ஊற்றி, காலியானதும் மீண்டும் பாதி ஊற்றினார். என் கை நடுங்குவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகவே ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் ஐந்தாறு இடங்களுக்காவது போய்ப் பாருங்கள். பல்லாண்டு குடியாமல் இருப்பவர்களும் நேற்று வந்தவர்களும் கலந்திருக்கிற குழு நல்லது. மனநல மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது அவர் வேலை அன்று. ஆண்கள் நிறைந்த அறையில் பேச முடியாத பெண்களுக்கு, மகளிர் மட்டும் கூடும் கூட்டங்கள் நடக்கின்றன. ஊரில் குழுவே இல்லாதவர்கள் இணையவழிக் கூட்டங்களில் சேரலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு உண்டு. என் மனைவி அதற்கு, நான் நிறுத்துவதற்கு முன்பிருந்தே, எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், இடம் சில சமயம் மாறும். பள்ளித் தேர்வுக் காலத்தில் எங்கள் கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறது. அந்நாட்களில் புதிதாக யாராவது வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, எங்களில் ஒருவர் ஏழேகால் மணி வரை பள்ளி வாசலில் நிற்போம். இந்த மாதம் நிற்பது நான்.