ஐந்தாம் நிலையில் ஒரு கல்

இயேசு சிலுவை சுமந்து போனதாகச் சொல்லும் எருசலேமின் சிலுவைப் பாதையில், நின்று செபிக்கும் இடங்களை நிலைகள் என்பார்கள்; ஐந்தாம் நிலை ஒரு தெருமுனை. அதுவரை சமமாக வந்த வழி அங்கே வலப்பக்கம் திரும்பி, படிப்படியாக ஏறத் தொடங்குகிறது. ஏற்றம் ஆரம்பிக்கிற அந்த முனையில்தான் இயேசுவின் சிலுவையைச் சுமந்த சிரேன் ஊர் சீமோனின் சிற்றாலயம் இருக்கிறது. கதவை ஒட்டிய சுவரில், ஒரு கல்லில் சின்னக் குழி. தடுமாறிய இயேசு கை ஊன்றிய இடம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எத்தனையோ பேர் தொட்டுத் தொட்டு, அது எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழப்பாகிவிட்டது. என் உள்ளங்கையை அதில் வைத்தேன். சில்லென்றிருந்தது.

எங்கள் குழு பாடிக்கொண்டே படியேறிவிட்டது. எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. சீமோன் தானாக முன்வந்து சிலுவை சுமந்தவரல்ல. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள் என்றுதான் மாற்கு தம் நற்செய்தியில் எழுதுகிறார். அவருக்கு அது இன்னொரு சாதாரண நாள். ‘இத்தனை பேரில் நான்தானா அகப்பட்டேன்?’ என்று நினைத்திருக்க மாட்டாரா?

நான் நினைத்திருக்கிறேன். நாலு வருஷமாக அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. குடித்துவிட்டு வந்து அம்மாவையும் எங்களையும் அடித்த அதே அப்பா. பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், துணி மாற்றினேன். எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்க்காமல் செய்தேன்.

பாதை முடிகிற திருக்கல்லறை ஆலயத்துக்கு 335-இல் அர்ச்சிப்பு நடந்தது, 1009-இல் இடித்தார்கள், பிறகு சிலுவைப்போர் வீரர்கள் திரும்பக் கட்டினார்கள் என்று வழிகாட்டி சொன்னதெல்லாம் காதோடு போயிற்று. உள்ளே நுழைந்ததும் வலப்புறம் செங்குத்தான படிகள்; மேலே, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி. பீடத்தின் அடியில் முழந்தாளிட்டு, வெள்ளித் தகட்டின் துவாரத்துக்குள் கைவிட்டுப் பாறையைத் தொட்டேன். அழுகை வருமென்று நினைத்திருந்தேன், வரவில்லை. செபிக்கச் சொன்னவர்கள் பெயரையெல்லாம் அவசரமாகச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்களுக்கு இடம்விட வேண்டியதாயிற்று.

கீழே, இயேசுவின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசியதை நினைவுகூரும் செந்நிறக் கல். இப்போதிருக்கும் பலகை 1810-இல் வைத்தது. ஒரு பாட்டி சின்ன சீசாவிலிருந்து எண்ணெயை ஊற்றி, குழந்தைக்கு உடம்பு துடைப்பதுபோல் கைக்குட்டையால் மெல்ல ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமும் அந்த உடலைத் துடைத்தபோது முகத்தைப் பார்க்காமலா துடைத்திருப்பார்கள்? அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

மீட்பு என்ற சொல்லை நாம் அடகுக்கும் சொல்கிறோம். விலை கொடுக்காமல் எதையும் மீட்க முடியாது. அப்பா எனக்குப் பட்ட கடனை அடகுச்சீட்டு மாதிரி நான் பத்திரமாக வைத்திருந்தேன். வெள்ளியாலும் பொன்னாலும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தத்தாலே மீட்கப்பட்டீர்கள் என்கிறார் பேதுரு. என்னை மீட்கக் கொடுத்த விலை அப்பாவுக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான் என்பதை அத்தனை வருடம் பூசை கண்டும் நான் யோசித்ததே இல்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

வீடு திரும்பிய மூன்றாம் நாளே பழைய கோபம் வந்துவிட்டது. நள்ளிரவில் இரண்டாவது முறை படுக்கை நனைந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பை உருவியவன், அந்தப் பாட்டியின் கையை நினைத்துக்கொண்டேன். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துத் துடைத்தேன். இடது கடைவாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் துடைக்கும்போது கண்ணைத் திறந்தார்.

“எனக்கு வேண்டிக்கிட்டியாப்பா?”

கல்வாரியில் நான் சொன்ன பெயர்களில் அவர் பெயர் இல்லை.

“இல்லப்பா. இப்ப வேண்டிக்கலாமா?”

அசைகிற வலக்கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பித்தோம். ‘எங்களுக்குத் தீமை செய்வோரை’ என்ற இடத்தில் எனக்குக் குரல் அடைத்துக்கொண்டது. மிச்சத்தை அப்பா குழறிக் குழறிச் சொல்லி முடித்தார்.