இரண்டு முனையிலும் எரியும் மெழுகுவத்தி

அச்சில் ஊற்றாமல், திரியை மெழுகில் முக்கி முக்கி எடுத்து மெழுகுவத்தி செய்யப் பழகுகிறேன். இது மூன்றாவது வாரம். முதல் வாரம் மெழுகு ரொம்பச் சூடாகிவிட்டது. ஒவ்வொரு முக்கலிலும் முந்தைய பூச்சு கரைந்துபோனது. இப்போது 70 டிகிரி அளவில் வைக்கிறேன். 26 முறை முக்கினால் சுண்டுவிரல் பருமன் வருகிறது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எரிக்க மனம் வரவில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் சொல்வார்களே, மெழுகுவத்தியை இரண்டு முனையிலும் எரிப்பது என்று, அதைச் செய்து பார்த்தேன். நட்டு வைத்தது 70 நிமிடம் எரிந்தது. அதே அளவு இன்னொன்றை நடுவில் குறடால் பிடித்துப் படுக்கவாட்டில் இருபுறமும் ஏற்றினேன். 18 நிமிடத்தில் முடிந்தது! பாதி நேரம்கூட இல்லை. மெழுகில் பெரும்பகுதி எரியவே இல்லை, சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்து கிடந்தது. இரவு பகலாக உடம்பை வருத்துவதற்கு இன்று இப்படிச் சொல்கிறார்கள். 1611இல் காட்கிரேவ் வெளியிட்ட பிரெஞ்சு–ஆங்கில அகராதியிலேயே இது உண்டு. அப்போது சொத்தை விரயம் செய்வதுதான் பொருள். தட்டைப் பார்த்ததும் அந்தப் பழைய பொருள்தான் எனக்குச் சரியாகப் பட்டது.

அடுத்து, 'அவனுக்கு மெழுகுவத்தி பிடிக்கக்கூட இவன் லாயக்கில்லை' என்பது. நாம் கால் தூசி என்போமே, அதுபோல. அந்தக் காலத்தில் கைவினைஞர் வேலை செய்ய, எடுபிடிப் பையன் வெளிச்சம் காட்டுவான். விளக்கை அணைத்துவிட்டு மகளைப் பிடிக்கச் சொல்லி ஊசியில் நூல் கோத்தேன். நிழல் விழாமல் பிடிக்க வேண்டும், கையும் ஆடக் கூடாது. “அப்பா, மெழுகு கையில சொட்டுது, சீக்கிரம் கோருங்க” என்றாள். அதைச் சின்ன வேலை என்று எவர் சொன்னாலும் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'ஆட்டம் மெழுகுவத்திக்குப் பெறாது' என்ற தொடரும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் காசு வெளிச்சச் செலவுக்கே காணாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஒரு குறை பாக்கி. என் முறுக்குத் திரி நிமிர்ந்தே நின்று கருகிப் புகைகிறது. அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருக்கிறது. பின்னிய திரியானால் வளைந்து சுடரின் ஓரத்தில் தானே எரிந்துவிடும். 1820களில் பிரான்சில் கண்டுபிடித்த வழி. அடுத்த வாரம் மூன்று புரி பின்னிப் பார்க்கிறேன்.