கூடைக் கண்ணு

ராத்திரி பூரா ஒரு மூங்கில் கூடைப் படத்தையே பார்த்துட்டிருந்தேன். ஜப்பான்ல இந்தப் பின்னலுக்கு 'ககோமே'ன்னு பேரு. ககோன்னா கூடை, மேன்னா கண்ணு. நடுவுல அறுகோண ஓட்டை, சுத்தி முக்கோணங்கள். அணுக்களும் இப்படி உட்கார்ந்தா?

முக்கோணத்துல மூணு காந்த அணு. பக்கத்து ஆளுக்கு எதிராத்தான் திரும்புவேன்னு மூணும் அடம் பிடிக்குது. ரெண்டு ஒத்துப்போயிடும், மூணாவது எந்தப் பக்கம் திரும்பும்? ஹெர்பர்ட்ஸ்மித்தைட்னு ஒரு பச்சைக் கனிமம், அதுல தாமிர அணுக்களுக்கு இதே கதிதான். எவ்வளவு குளிர வெச்சாலும் ஒரு ஒழுங்குக்கு வராதாம். (எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப் மாதிரி.)

2019ல சீசியம், வனேடியம், ஆன்டிமனி சேர்ந்த ஒரு ககோமே படிகம் வந்துச்சு. அடுத்த வருஷமே, சுமார் 2.5 கெல்வின்ல (அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் குளிர்ல) அது மீக்கடத்தின்னு, அதாவது தடையே இல்லாம மின்சாரத்தைக் கடத்தும்னு தெரிஞ்சுது.

நானும் பேப்பர்ல வரைஞ்சு பார்த்தேன். நாலாவது அறுகோணத்துலயே கோடு கோணிடுச்சு.