தொட்டிக்கு அடியில் ஒரு நீர்வடிகட்டி: எட்டு வாரக் குறிப்புகள்

குழாயைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் குளோரின் வாடையும், சில நாட்களில் தம்ளரின் அடியில் தங்கிவிடும் செம்மண் நிற வண்டலும்தான் என்னை இந்த வேலையில் இறக்கின. சமையலறைத் தொட்டியின் கீழே இருக்கும் அலமாரிக்குள் ஒரு நீர்வடிகட்டியை நானே பொருத்திப் பார்ப்பது என்று முடிவெடுத்து, இன்றோடு எட்டு வாரங்கள் ஆகின்றன. குழாய் வேலையில் எனக்கு முன்பயிற்சி கிடையாது என்பதால், செய்த ஒவ்வொன்றையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவந்தேன்.

எந்த வடிகட்டியை வாங்குவது என்பதை நீரை அளந்து பார்த்த பிறகே தீர்மானித்தேன். நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் குழாய்நீர் லிட்டருக்கு 210 மி.கி. காட்டியது. கரைந்த உப்புகள் இந்த அளவில் இருக்கும் நீருக்கு, சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. கருவி தேவையில்லை என்பது என் கருத்து. அதன் சவ்வு உப்பைப் பிரிப்பதற்காகவே உள்ளது, பிரித்த உப்போடு கணிசமான நீரையும் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. எனக்குத் தொல்லை தந்தவை வாடையும் வண்டலும் மட்டுமே. ஆகவே 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வண்டல் வடிகட்டி ஒன்று, அதையடுத்துக் கரிக்கட்டி வடிகட்டி ஒன்று என 10 அங்குல உறைகள் இரண்டைக் கொண்ட எளிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். வண்டல் வடிகட்டி முன்னால் இருக்க வேண்டும் என்பது முக்கியம். வரிசை மாறினால் வண்டல் கரியின் நுண்துளைகளை அடைத்து, விலை கூடிய கார்ட்ரிட்ஜை (உறைக்குள் வைக்கும், மாற்றக்கூடிய வடிகட்டிப் பகுதி) முதலில் வீணாக்கிவிடும்.

முதல் ஞாயிறு முழுவதும் அளப்பதிலேயே போயிற்று. நீரழுத்தம் பகலில் 3 பார், பின்னிரவில் 3.5 பார் இருந்தது. உறைகள் தாங்கக்கூடிய அளவுக்கு இது வெகு குறைவு. அலமாரியின் பின்சுவரில் உறைகளை எங்கே மாட்டுவது என்று பார்க்க, அவற்றின் அளவிலேயே அட்டையை வெட்டி ஒட்டிவைத்தேன். நான் முதலில் குறித்த இடம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது உறையைத் திருகிக் கீழே இறக்க வேண்டும் என்பதும், அதற்கு அடியில் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பதும், உறையைத் திருகும் நீளமான சாவியைச் சுழற்றப் பக்கவாட்டிலும் இடம் வேண்டும் என்பதும் அட்டையை அசைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 8 செ.மீ. மேலே ஏற்றி மாட்டினேன்.

வடிகட்டிய நீருக்கெனத் தனியாக ஒரு சிறுகுழாய் வேண்டும். அதற்குத் தொட்டியின் விளிம்பில் 12 மி.மீ. துளை போட வேண்டியிருந்தது. இந்த வேலைக்குத்தான் நான் மிகவும் அஞ்சினேன். துருப்பிடிக்காத எஃகை வேகமாகத் துளைத்தால் சூடேறி, அந்த இடம் முன்பைவிடக் கடினமாகிவிடும். பிறகு ட்ரில் பிட் வழுக்குமே தவிர இறங்காது. ஆகவே சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளிக்குழி அடித்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, 3 மி.மீ. பிட்டால் குறைந்த வேகத்தில் அழுத்திப் பிடித்துத் துளைத்தேன். அதன்பின் படிப்படியாக அகலும் கூம்பு வடிவ பிட்டைக் கொண்டு, ஒவ்வொரு படிக்கும் எண்ணெய் விட்டு, 12 மி.மீ. வரை பெரிதாக்கினேன். இருபது நிமிடங்கள் ஆயின. விளிம்பில் நின்ற பிசிறை அரத்தால் தேய்த்து, எஃகுத் துகள்களை ஈரத்துணியால் ஒன்றுவிடாமல் எடுத்தேன். ஒரு துகள் தங்கினாலும் அது துருப்பிடித்துத் தொட்டியில் கறையை உண்டாக்கக்கூடும்.

சுவரிலிருந்து வரும் குளிர்நீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வுக்கும் மேலே செல்லும் வளைகுழாய்க்கும் நடுவில் மும்முனை இணைப்பு ஒன்றைப் பொருத்துவது எளிதாகவே முடிந்தது. டெஃப்ளான் டேப்பை மட்டும் கவனித்துச் சுற்ற வேண்டும். நீரைத் தடுப்பது மரையாக இருக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை. வளைகுழாயின் முனைபோல உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும் இடத்தில் அது தேவையில்லை. உறையின் மேல்மூடியான தலைப்பின் மரை பிளாஸ்டிக் என்பதால், டேப்பைத் தடிமனாகச் சுற்றி ஸ்பேனரால் முறுக்கினால் தலைப்பே விரிசல் விடக்கூடும். நான்கு சுற்று டேப், கையால் இறுக்கம், அதற்குமேல் கால் திருப்பு, அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு மாலை வால்வைத் திறந்தேன். எங்கும் கசிவு தெரியவில்லை. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் இணைப்பிலும் மெல்லிய காகிதக் கைத்துடைப்பைச் சுற்றி, அலமாரித் தரையில் செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் செய்தித்தாளில் நாணயம் அளவுக்கு ஓர் ஈரவட்டம் இருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த உறையின் அடிப்பாகத்தைத்தான் முதலில் சந்தேகித்தேன். அது தவறு, நீர் கசியும் இடத்திலேயே சொட்டுவதில்லை, குழாயைப் பற்றிக்கொண்டு வழிந்து, வளைவு வரும் இடத்தில்தான் விழுகிறது. நனைந்திருந்த கைத்துடைப்பு, கரி வடிகட்டியின் வெளியேறும் முனையில் இருந்தது.

அது குழாயைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் வகை இணைப்பு. வால்வை மூடி, சிறுகுழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, இணைப்பின் வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டு குழாயை உருவினேன். சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்த முனை சாய்வாகவும் சற்று நசுங்கியும் இருந்தது. அதைவிடப் பெரிய பிழை, குழாய் பாதிதான் உள்ளே போயிருந்தது. இந்த இணைப்பில் குழாய் முதலில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் முட்டி நிற்கும். அதையும் தாண்டி இன்னொரு முறை அழுத்தினால்தான் அடிவரை இறங்கும். முதல் தடையையே முடிவென்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

புதிய பிளேடால் முனையைச் செங்குத்தாக வெட்டி, 1.5 செ.மீ. அளவில் பேனாவால் கோடிட்டு, அந்தக் கோடு மறையும்வரை அழுத்தினேன். மறுநாள் காலையிலும் ஈரம் இருந்தது, முன்னைவிடச் சிறிதாக. இம்முறை காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. வெட்டியதால் குழாயின் நீளம் குறைந்து, அது இணைப்பிலிருந்து வெளிவந்ததும் சட்டென்று வளைந்து, ஓ-ரிங்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நீளமான புதிய குழாயை எடுத்து, இணைப்பிலிருந்து சில செ.மீ. நேராகச் சென்றபின் பெரிய வட்டமாக வளையும்படி விட்டேன். மூன்றாம் நாள் காகிதம் உலர்ந்திருந்தது. வினாடிக்கு ஒரு துளி என்றாலும் ஒரு நாளைக்கு 86,400 துளிகள், மூடிய அலமாரிக்குள் பலகை ஊறுவதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று எண்ணியபோது, அந்த மூன்று இரவுகள் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

புதுக் கரிக்கட்டியிலிருந்து முதலில் கறுப்பாகவும் பிறகு சாம்பல் நிறமாகவும் நீர் வந்தது; பதினைந்து நிமிடங்கள் ஓடவிட்டபின் தெளிந்தது. அடுத்த இரண்டு நாட்கள் தம்ளரில் பிடித்த நீர் பால்போல் வெளுத்திருந்ததைக் கண்டு அம்மா குடிக்க மறுத்தார். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்ததால் அவை காற்றுக் குமிழிகள் என்று தெரிந்தது. அழுக்காக இருந்தால் கீழே படிந்திருக்கும்.

வடிகட்டிய நீரிலும் டி.டி.எஸ். 209 இருந்தது. கரி, கரைந்த உப்பைத் தொடாது. எனவே அந்த மீட்டரை வைத்து இவ்வகை வடிகட்டியை எடைபோடுவது பொருந்தாது. குளோரினுக்கான சோதனைத் தாளைத் தோய்த்தபோது, வடிகட்டாத நீரில் அது லிட்டருக்கு 0.5 மி.கி. நிறத்தைக் காட்ட, வடிகட்டிய நீரில் நிறமே மாறவில்லை. குளோரின் நீங்கிய நீர் கரிக்குள் நெடுநேரம் தேங்கினால் அங்கே நுண்ணுயிர்கள் பெருக இடமுண்டு. அதனால் தினமும் காலையில் முதல் அரை நிமிட நீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொள்கிறோம். நான்கு நாள் ஊரில் இல்லாமல் திரும்பியபோது ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். கிருமிகளைக் கொல்வது இந்த அமைப்பின் வேலையன்று என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் நீர் ஏற்கெனவே குளோரின் கலந்து சுத்திகரிக்கப்பட்டது என்பதால்தான் இது போதுமானதாக இருக்கிறது. கிணற்றுநீருக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

நீரோட்டம் குறைவதைக் கண்டறிய, ஒரு லிட்டர் பாத்திரம் நிரம்ப ஆகும் நேரத்தை வாரந்தோறும் குறித்தேன். முதல் நாள் 34 வினாடி, நான்காம் வாரம் 36, எட்டாம் வாரம் 47. இன்று காலை வண்டல் வடிகட்டியின் உறையைத் திறந்தேன். வெண்ணிறமாக உள்ளே போன கார்ட்ரிட்ஜின் வெளிப்புறம் முழுக்கச் செம்பழுப்பாக, தொட்டால் வழுக்கும் படலத்தோடு இருந்தது. அதன் உட்பக்கம் வெளுப்பாகவே இருந்ததைப் பார்த்து உள்ளபடியே மகிழ்ந்தேன். உறையைக் கழுவி, பள்ளத்திலிருந்த ஓ-ரிங்கைத் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் பூசினேன். பெட்ரோலியம் களிம்பு சிலவகை ரப்பரை உப்பவைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். புதிய கார்ட்ரிட்ஜோடு நேரம் மீண்டும் 34 வினாடிக்கு வந்தது.

கரிக்கட்டியின் உறையில் 5,000 லிட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்தியதோ அது என்று அச்சிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 15 லிட்டர் எடுக்கிறோம்; எட்டு வாரத்தில் 840 லிட்டர். ஆகவே எங்கள் வீட்டில் ஆறு மாதம்தான் முந்தும். இரண்டு உறைகளிலும் மாற்றவேண்டிய தேதியை எழுதி ஒட்டிவிட்டு, அடியில் புதிய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்திருக்கிறேன்.